பிராசசர் மாற்றியபின் விண்டோஸ் மக்கர் செய்தால்: பயோஸா, ரிப்பேரா, ஃபார்மட்டா?

பிராசசரை மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று சர்வீஸ் கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடலாம் சார்." கடைக்காரருக்கு அது வசதியான வழி. சீக்கிரம் முடியும், கூலியையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம், எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த மெஷினை நம்பி வேலை செய்பவருக்கு அது வசதியான வழி அல்ல. மதர்போர்டு அதே போர்டு, எஸ்எஸ்டி அதே எஸ்எஸ்டி, பிராசசர் மட்டும் மாறியிருக்கிறது என்றால் ஃபார்மட்டைக் கடைசியில்தான் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படிப்பட்ட மெஷின்களில் பழி விண்டோஸ் மேல் விழுந்தாலும் தப்பு பெரும்பாலும் பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினை எழுப்பும், போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) செட்டிங்கில் இருக்கும், இல்லையென்றால் பிராசசர் உட்காரும் சாக்கெட்டிலோ ரேமிலோ இருக்கும். விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் அந்தத் தப்பு அங்கேயேதான் இருக்கும்.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போகாமலிருக்க ஒரு மெஷினை மனதில் வைத்துக்கொள்வோம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 போர்டு, 2017இல் வந்த ரைசன் 5 1600, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், விண்டோஸ் 10. இதில் 2022இல் வந்த ரைசன் 5 5600ஐப் போடுகிறோம். வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் ரைசன் 1000 வரிசை இல்லை, 5600 இருக்கிறது. போர்டையும் ரேமையும் தொடாமல் பிராசசரை மட்டும் மாற்றி 11க்குப் போக முடிகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

ஃபார்மட் யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு காலத்தில் அது சரியான யோசனைதான். விண்டோஸ் எக்ஸ்பி நிறுவப்படும்போதே மெஷினில் ஒரு கோரா, பல கோரா என்று பார்த்து அதற்கேற்ற 'ஹால்' என்னும் அடிப்படைக் கோப்பை வைத்துவிடும். பின்னால் பிராசசர் மாறினால் அது தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. இன்டெல் மெஷினில் போட்ட எக்ஸ்பியை அப்படியே ஏஎம்டி மெஷினில் காப்பி செய்து வைத்தால், இன்டெல்லுக்கான பவர் டிரைவர் ஏஎம்டியில் ஓடப்பார்த்து மெஷின் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். 2008இல் சர்வீஸ் பேக் 3 வந்தபோது இந்தக் கோளாறு பலரைப் படுத்தி எடுத்தது. அந்த அனுபவத்தில் வளர்ந்த மெக்கானிக்குகள் ஃபார்மட் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 10, 11 அப்படியல்ல. ஆன் ஆகும்போதே எந்தப் பிராசசர், எத்தனை கோர் என்று பார்த்துத் தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஒரே சாக்கெட்டுக்குள் 1600இலிருந்து 5600க்கு மாறுவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

பயோஸ்: காசு செலவில்லாத வழி

5600ஐ அந்தப் போர்டு அடையாளம் காண வேண்டுமென்றால் பயோஸ் புதிதாக இருக்க வேண்டும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்பில் வைத்து, பயோஸ் அப்டேட்டை முடித்துவிடுவதுதான் முறை. பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். அப்டேட் நல்லபடியாக முடிந்தவுடன், நீங்களோ கடைக்காரரோ எப்போதோ செய்துவைத்த பயோஸ் செட்டிங்குகள் பெரும்பாலும் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். பிராசசர் மாற்றிய பிறகு வரும் புகார்களில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு வேலையும் ஒரே நாளில் நடப்பதால் பழி பிராசசர் மேலும் விண்டோஸ் மேலும் விழுகிறது.

முதல் புகார்: ஆன் செய்தால் விண்டோஸுக்குப் போகாமல் நேராக பயோஸ் திரையில் வந்து நிற்கும். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரியும், ஆனால் பூட் வரிசையில் இருக்காது. எஸ்எஸ்டி போய்விட்டது, விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உண்மையில் நடந்தது வேறு. பழைய விண்டோஸ் லெகசி என்னும் பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய வகைப் பிரிப்பு கொண்ட டிஸ்க்கில் போடப்பட்டிருக்கும். விண்டோஸ் 11ஐ மனதில் வைத்து வந்த புதிய பயோஸ்கள் பலவற்றில் லெகசி பூட்டை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற செட்டிங் ஆஃப் ஆகவே வருகிறது. சிஎஸ்எம் இல்லாமல் எம்பிஆர் டிஸ்க் பூட் ஆகாது. அதைத் திரும்ப ஆன் செய்தால் ஒரு நிமிடத்தில் பழைய விண்டோஸ் ஒரு கோப்பும் குறையாமல் எழுந்து நிற்கும்.

இந்த இடத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. சிஎஸ்எம்மை ஆன் செய்துவிட்டு அப்படியே ஓட்டலாம்; அல்லது டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றி யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் போகலாம். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி. இதற்கும் ஃபார்மட் தேவையில்லை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. கோப்புகளை அழிக்காமல் டிஸ்க்கை மாற்றித் தரும். டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக் கூடாது, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் முதலில் நிறுத்திவைக்க வேண்டும், மாற்றும் முன் 'வேலிடேட்' கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றி முடித்த பிறகு சிஎஸ்எம்மை ஆஃப் செய்ய மறந்தால் மறுபடியும் பூட் ஆகாமல் போகலாம். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்பவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது புகார் நீலத்திரை, அதில் 'இனாக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற வரி. பயோஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம்) ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறியிருந்தால் இது வரும். முன்பு இருந்த முறையைத் திரும்ப வைத்தால் போதும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த மெஷின்களில் விஎம்டி என்ற செட்டிங் இதே வேலையைச் செய்யும். அது ஆனில் இருக்கும்போது பென்டிரைவ் வழியாக ஓஎஸ் போடப் போனால், அந்த டிரைவரை ஏற்றாதவரை டிஸ்க்கே கண்ணில் படாது. டிஸ்க் காணவில்லை என்றதும் டிஸ்க்கை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் இந்த ஒரு செட்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வேகம். புது பிராசசர் போட்டும் வேகமே தெரியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து ரேமின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கிய ரேம் 2133 அல்லது 2400இல் ஓடிக்கொண்டிருக்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங் அப்டேட்டில் போய்விட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்ப ஆன் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: புது பிராசசரில் எல்லாம் தாங்கும் என்று நினைத்து 3600, 3800 என்று ஏற்ற வேண்டாம். 5600க்கு ஏஎம்டி சொல்லும் அளவு 3200தான். வேறு வேறு சமயத்தில் வாங்கிய இரண்டு கம்பெனி ரேம்களைச் சேர்த்துப் போட்டிருப்பவர்கள், மெஷின் இடையிடையே ஹேங் ஆனால், முதலில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரேம் தப்பு விண்டோஸ் தப்பு மாதிரியே வேடம் போடும்: ஒரு நாள் பிரவுசர் மூடிக்கொள்ளும், மறுநாள் ஜிப் கோப்பு திறக்காது, அப்புறம் அப்டேட் நின்றுபோகும்.

அதே மெமரி பக்கத்தில் கீழே 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று ஒரு வரி இருக்கும். சாதாரணமாக அது சில நூறு எம்பிக்குள் இருக்கும். அங்கே 8 ஜிபி என்று காட்டினால், அல்லது 16 ஜிபி ரேமில் 8 மட்டுமே தெரிந்தால், விண்டோஸை விட்டுவிட்டுக் கேபினெட்டைத் திறங்கள். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன. கூலரை நேராக இழுத்துக் கழற்றினால், காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு பின் வளைந்தாலும் ஒரு ரேம் சேனலே (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) காணாமல் போகலாம். கழற்றும் முன் மெஷினைச் சற்று நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய பிறகு, கூலரை மெதுவாகத் திருகி எடுப்பதுதான் பாதுகாப்பு.

விர்ச்சுவல்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எமுலேட்டர், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இவை திடீரென்று ஓட மறுத்தால், மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்ட உதவும் எஸ்விஎம் என்ற செட்டிங் ஆஃப் ஆகியிருக்கும். ரைசன் 3 3200ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள சிப்பிலிருந்து 5600க்கு மாறியவருக்குத் திரையே வரவில்லையென்றால், 5600இல் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு வேண்டும். வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

டிபிஎம்: 'ஒய்' அழுத்துவதற்கு முன்

பயோஸ் வேலைகளிலேயே திரும்ப எடுக்க முடியாத ஒரு படி இருக்கிறது. புது பிராசசரோடு முதல் முறை ஆன் செய்ததும் பல ஏஎம்டி போர்டுகளில் கறுப்புத் திரையில் ஒரு செய்தி வரும். புது சிபியு பொருத்தப்பட்டிருக்கிறது; 'ஒய்' அழுத்தினால் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் டிபிஎம்மின் ஏஎம்டி வடிவம்) ரீசெட் ஆகும்; பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ இல்லாமல் சிஸ்டம் பூட் ஆகாது; 'என்' எழுத்தை அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும், பழைய பிராசசரைத் திரும்பப் போட்டு அதை மீட்கலாம், ஆனால் புது பிராசசரில் எஃப்டிபிஎம் இயங்காது. அதன் சாரம் இதுதான். டிபிஎம் எனும் ரகசியப் பெட்டி ஏஎம்டியில் தனிச் சிப்பாக இல்லாமல் பிராசசரோடு பிணைந்திருப்பதால், பிராசசர் மாறினால் பெட்டியின் பூட்டும் மாறிவிடுகிறது.

என் ஆலோசனை: சாவி கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும்வரை 'ஒய்' அழுத்தாதீர்கள். விண்டோஸ் ஹோம் பதிப்புதானே, எனக்கு பிட்லாக்கர் கிடையாது என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பூட்டு இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல மெஷின்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். ரெக்கவரி கீ 48 இலக்கம்; பெரும்பாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாவி தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து, தாளில் எழுதிக்கொண்ட பிறகு பிராசசரைத் தொடுங்கள். அதைவிட நல்லது, மாற்றும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிடுவது. நிறுத்தினால் சாவி கேட்கும் பேச்சே வராது.

பிட்லாக்கர் இல்லாதவர்களுக்கு வரும் தொல்லை சிறியது. லாகின் திரையில், ஏதோ நடந்துவிட்டது, உங்கள் பின் நம்பர் கிடைக்கவில்லை என்று வரும். பின் நம்பர் டிபிஎம்மில் இருந்தது, டிபிஎம் ரீசெட் ஆனது, பின் நம்பரும் போனது. கணக்கின் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் புது பின் வைத்துக்கொண்டால் முடிந்தது. பாஸ்வேர்டே ஞாபகம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பின்னை மட்டுமே நம்பியிருப்பவர்கள், பிராசசர் மாற்றும் முன் அதை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஆக்டிவேஷனைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள்; டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாகப் போர்டைச் சார்ந்தது, பிராசசர் மட்டும் மாறினால் பொதுவாக ஒன்றும் ஆகாது.

எஃப்டிபிஎம் சம்பந்தமாக இன்னொன்று. சில நேரம் ரைசன் மெஷின்களில் ஓரிரு நொடி எல்லாமே திக்கி நிற்கும், ஒலி விட்டுவிட்டு வரும். இதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, பயோஸ் அப்டேட்டில் தீர்வு தந்தது. பழைய பயோஸோடு 5000 வரிசையை ஓட்டுபவர்கள் ஓஎஸ் போட்டுப் போட்டுக் களைத்துப்போகும் கோளாறு இது.

விண்டோஸ் தப்பா, மெஷின் தப்பா?

பயோஸில் எல்லாம் சரி, இன்னும் நீலத்திரை வருகிறது என்றால், அடுத்து எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரே சோதனையில் தெரிந்துவிடும்: உங்கள் விண்டோஸ் இல்லாமல் இதே மெஷின் எப்படி நடந்துகொள்கிறது? உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அப்படியே பூட் செய்து, ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டுங்கள், பெரிய கோப்புகளைக் காப்பி செய்யுங்கள். ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். அங்கேயும் உறைந்து நின்றால் ரேம், பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இவற்றில் ஒன்றுதான் காரணம். எந்த ஓஎஸ்ஸைப் போட்டாலும் அதே கதைதான். விண்டோஸுக்குள் பிழைகளின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியிலும் தடயம் இருக்கும். டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில் 18 என்ற எண்ணோடு பிழை விழுந்திருந்தால், ஹார்டுவேரே புகார் எழுதியிருக்கிறது என்று பொருள். வெறும் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. மெஷின் ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் எவ்வளவு தூரம் அலைய நேரும் என்பதற்கு இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேஜைக் கணினிப் பிராசசர்களே சாட்சி. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வரும், என்விடியா டிரைவர் நிறுவும்போது பாதியில் நின்றுவிடும். கார்டைச் சந்தேகித்தார்கள், விண்டோஸை மறுபடி மறுபடி போட்டார்கள். கடைசியில் காரணம் பிராசசருக்குப் போன அதிகப்படியான வோல்டேஜ் என்று தெரிந்தது. 2024 ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் பயோஸ் வழியாக மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்கள் தந்தது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. 12ஆம் தலைமுறை ஐ5ஐ எடுத்துவிட்டு யாரோ பயன்படுத்திய 13ஆம் தலைமுறை ஐ7 அல்லது ஐ9ஐ வாங்கிப் போட்டவர்கள், நீலத்திரை வந்தால் ஓஎஸ் பக்கம் போவதற்கு முன் பயோஸ் தேதியைப் பார்க்க வேண்டும்.

ரிப்பேர் இன்ஸ்டால்

பென்டிரைவ் உபுண்டுவில் மெஷின் சமர்த்தாக ஓடுகிறது, விண்டோஸில் மட்டும் தொல்லை என்றால்தான் விண்டோஸைத் தொட வேண்டும். முதலில் ஏஎம்டி தளத்திலிருந்து, போர்டின் துணைச் சிப்புகளுக்கான சிப்செட் டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். 5600க்கு மாறியவருக்கு இது சிறிய வேலை. 7950எக்ஸ்3டி மாதிரி, இரண்டு சிப் துண்டுகளில் ஒன்றில் மட்டும் கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ள பிராசசருக்கு மாறியவருக்கு இது கட்டாயம். கேம் எந்தத் துண்டில் ஓட வேண்டும் என்று சொல்வது அந்த டிரைவரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரும் சேர்ந்துதான்.

அதிலும் தீரவில்லையென்றால் ரிப்பேர் இன்ஸ்டால். மைக்ரோசாஃப்ட்டின் ஐஎஸ்ஓ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே அதைத் திறந்து, செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிஸ்டம் கோப்புகள் மட்டும் முழுக்கப் புதிதாகும். ஹோமா புரோவா என்பதும் மொழியும் பழையதோடு பொருந்த வேண்டும். சி டிரைவில் தாராளமாக இடம் வேண்டும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட் வழியாகச் சரிசெய் என்று இதற்கொரு பட்டனும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. காரணம் ஊரில் உள்ள சின்ன ஆபீஸ்களைப் பார்த்தால் புரியும். ஒரு கணக்கரின் மெஷினில் டாலி இருக்கும். ஃபார்மட்டுக்கு முன் அதன் லைசென்ஸைச் சரண்டர் செய்ய வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் டைப் செய்த கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அத்தனையும் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். சிடி தொலைந்துபோன பழைய பிரிண்டர் ஒன்றும் இருக்கும். ஓஎஸ் போடுவது அரை மணி நேர வேலை. இவற்றையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒரு வாரம் இழுக்கும், அதுவும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில். கடைக்காரர் சொல்லும் கூலியில் இந்த ஒரு வாரம் சேராது.

ரிப்பேர் இன்ஸ்டாலுக்கு இரண்டு குறை. விண்டோஸ் டெஸ்க்டாப் வரை எழுந்தால்தான் இதைச் செய்ய முடியும். பழைய டிரைவர்களையும் அது கூடவே தூக்கிக்கொண்டு வரும் என்பதால், கெட்ட டிரைவர்தான் காரணமென்றால் தொல்லை தொடரும். நம் உதாரணத்தில் உள்ளவர் இன்னொன்றையும் யோசிக்கலாம்: அவர் எப்படியும் 10இலிருந்து 11க்குப் போகத்தானே பிராசசரை மாற்றினார்? 10ஐ ரிப்பேர் செய்துவிட்டு, பிறகு 11க்குப் போவது இரட்டை வேலை. டிஸ்க் ஜிபிடி, டிபிஎம் ஆன், செக்யூர் பூட் தயார் என்றால் நேராக 11க்கு அப்கிரேட் கொடுத்துவிடலாம். அதுவும் புரோகிராம்களை வைத்துக்கொண்டு சிஸ்டம் கோப்புகளை மாற்றும் வேலைதான். பிடிக்கவில்லையென்றால் பத்து நாளைக்குள் 10க்குத் திரும்பலாம். ஆனால் மேலே சொன்ன ஹார்டுவேர் சோதனையில் தேறாத மெஷினில் இதைத் தொடங்கவே கூடாது. பாதியில் உறைந்தால் இருந்ததும் போய்விடும்.

'ரீசெட் திஸ் பிசி' என்ற வழியைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கோப்புகளை வைத்துக்கொள் என்று கொடுத்தாலும் நீங்கள் போட்ட புரோகிராம்கள் அத்தனையும் போய்விடும். ஃபார்மட்டின் இழப்பு முழுக்க உண்டு, அதன் சுத்தம் முழுக்க இல்லை. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

புது ஓஎஸ் போட்டே ஆக வேண்டுமென்றால்

சில மெஷின்களுக்குப் புது ஓஎஸ்தான் சரி. போர்டும் சேர்ந்து மாறி, இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்குப் போயிருந்தால், விண்டோஸ் எழுந்தாலும் பழைய போர்டின் சவுண்ட், லேன், ஆர்ஜிபி மென்பொருள்கள் உள்ளேயே கிடந்து மோதிக்கொண்டிருக்கும். சுத்தமாகத் தொடங்குவது நல்லது. விண்டோஸ் 7இலிருந்து 10க்கு அப்கிரேட் ஆகி, இரண்டு மூன்று ஆண்டிவைரஸ் மாறி, எது எதற்கென்றே தெரியாத புரோகிராம்கள் நிறைந்த மெஷினுக்கும் அதேதான். கேம் விளையாட மட்டும் வைத்திருக்கும் மெஷினில் இழக்க ஒன்றுமில்லை என்பதால் யோசிக்காமல் போடலாம்.

அப்போதும் பழைய எஸ்எஸ்டியை ஃபார்மட் அடிக்க வேண்டாம் என்பேன். சிறிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் புதிதாகப் போடுங்கள். போடும்போது பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிவைத்துவிட வேண்டும். இரண்டும் இணைப்பில் இருந்தால் புது விண்டோஸ் தன் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும், பின்னால் பழையதைக் கழற்றினால் புதியதும் எழாது. போர்டு அதுவேயானால் அதே பதிப்பைப் போட்டதும் ஆக்டிவேஷன் பெரும்பாலும் தானாக வந்துவிடும். புது எஸ்எஸ்டியில் தொல்லை தொடர்ந்தால் விண்டோஸ் நிரபராதி என்று தெளிவாகிவிடும், பழைய டிஸ்க்கில் உள்ள எதையும் நீங்கள் இழக்கவும் இல்லை. தொல்லை தீர்ந்துவிட்டால், எந்தக் கோப்பு விட்டுப்போனது, எந்த எழுத்துரு வேண்டும் என்று பழைய டிஸ்க்கைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். டாலி சரண்டர் செய்ய மறந்திருந்தால் பழைய டிஸ்க்கிலிருந்து பூட் செய்து அதையும் முடிக்கலாம். சிறிய எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலைகளில் பெரும்பகுதி இல்லை. இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு மாறினால் அதற்கான மைக்ரோகோடு பேக்கேஜைப் போட்டுக்கொண்டு, டிஸ்க் டிபிஎம் மூலம் திறக்கும்படி வைத்திருந்தால் பாஸ்பிரேஸைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

பழைய பிராசசருக்குத் திரும்புவதும் ஒரு வழிதான். அதைத் தோல்வியாக நினைத்து ஒதுக்க வேண்டியதில்லை. வேலை நிற்கக் கூடாத மெஷினில், கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், பழைய பிராசசரைப் போட்டு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, புதியதை வாரண்டி இருக்கும்போதே கடையில் காட்டுவது புத்திசாலித்தனம். பழையதைப் போட்டதும் கோளாறு மறைந்தால், சந்தேகப்பட்டியல் புது பிராசசரும் அது வேலைவாங்கும் ரேம் செட்டிங்கும் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். திரும்பும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பயோஸ் சிப்பில் இடம் போதாமல், சில ஏஎம்4 போர்டுகளின் புதிய பயோஸில் மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்கியிருக்கிறார்கள். உங்கள் போர்டின் ஆதரவுப் பக்கத்தில் அந்தப் பயோஸ் பதிப்புக்கு நேராகப் பழைய பிராசசரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் இருந்தால், புதியது இரண்டு மூன்று வாரம் பிழையில்லாமல் ஓடும்வரை பழையதை அதன் பிளாஸ்டிக் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள். விற்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.